பெரிய பெயர் போதுமா? சோனியும் ஃபார்மட் சண்டைகளும்

பெரிய கம்பெனி எதைக் கொண்டுவந்தாலும் விற்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். டிவி, ரேடியோவுக்கு அது ஓரளவு சரி. ஆனால் பாட்டையும் படத்தையும் பதிவு செய்யும் ஃபார்மட் விஷயத்தில் பெயர் மட்டும் போதாது. சோனியின் வரலாறே இதற்கு நல்ல உதாரணம்.

1963இல் பிலிப்ஸ் ஆடியோ கேசட்டை அறிமுகம் செய்தது. அதற்கு ராயல்டி கேட்டபோது சோனியின் நோரியோ ஓகா தர மறுத்தார். கடைசியில் பிலிப்ஸ் இறங்கிவந்து ராயல்டி இல்லாமலே உரிமம் கொடுத்தது. யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்றானதும் கேசட் உலகமெங்கும் பரவியது.

அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்த சோனியே பிறகு அதை மறந்துவிட்டது. 1974 இறுதியில் பீட்டாமேக்ஸ் வீடியோவை மட்சுஷிதாவுக்கும் ஜேவிசிக்கும் காட்டி, எல்லோரும் இதையே தயாரிப்போம் என்றது. அதற்குள் டிசைனை முடித்து உற்பத்திக்கும் தயாராகியிருந்தது. மற்றவர்கள் திருத்தம் சொல்ல இடமே இல்லை. நாம் செய்தால் எல்லோரும் பின்னால் வருவார்கள் என்று நினைப்பதுதான் பெரிய கம்பெனிகளுக்கு உள்ள ஆபத்து. போட்டிக் கம்பெனிகளுக்கும் தொழிற்சாலை உண்டு, கௌரவமும் உண்டு.

1975இல் வந்த பீட்டாமேக்ஸ் கேசட்டில் ஒரு மணி நேரம்தான் பதிய முடிந்தது. ஒரு சினிமாவுக்குக்கூடப் போதாது. மறு வருடம் ஜேவிசி கொண்டுவந்த விஎச்எஸ்ஸில் இரண்டு மணி நேரம் பதியலாம். மட்சுஷிதா, ஹிட்டாச்சி, ஷார்ப், மிட்சுபிஷி எல்லாம் அந்தப் பக்கம் போயின. சோனிக்கும் தோஷிபா, சான்யோ துணை இருந்தது, ஆனால் எதிர்ப்பக்கம் கூட்டம் அதிகம். வீடியோ கடைகளும் விஎச்எஸ் படங்களையே அதிகம் அடுக்கின. 1988இல் சோனியே விஎச்எஸ் தயாரிக்க ஆரம்பித்தது.

1998இல் வந்த சோனியின் மெமரி ஸ்டிக்கிற்கும் இதே கதிதான். மறு வருடம் பானாசோனிக், தோஷிபா, சான்டிஸ்க் மூன்றும் சேர்ந்து அறிவித்த எஸ்டி கார்டு அதை முந்தியது. 2010இல் சோனியும் எஸ்டி கார்டு விற்றது.

அப்படியானால் சோனி ஜெயித்ததே இல்லையா? ஜெயித்தது. 1982இல் பிலிப்ஸுடன் சேர்ந்து சிடியைக் கொண்டுவந்தது. 2008இல் ப்ளூ-ரே, தோஷிபாவின் எச்டி டிவிடியை வென்றது. அப்போது பல கம்பெனிகளும் ஹாலிவுட் ஸ்டூடியோக்களும் சோனியோடு இருந்தன.

இந்தச் சண்டைகளில் கடைசியில் நஷ்டப்படுவது காசு கொடுத்து வாங்கியவர்கள்தான். பீட்டாமேக்ஸ் மெஷின் தயாரிப்பு 2002இல் நின்றது, டேப் விற்பனை 2016இல் நின்றது. குழந்தையின் முதல் பிறந்தநாளை அதில் பதிந்து வைத்தவரிடம் டேப் இருக்கும், ஓட்டிப் பார்க்க மெஷின் இருக்காது.

ஃபார்மட்டும் மொழி மாதிரிதான். நாலு பேர் பேசினால்தான் அது வாழும்.