இரைப்பை அமில மருந்துகளின் அளவு: வரலாறு

இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளின் சரியான அளவு, 1970களிலிருந்து பலமுறை மாறியுள்ளது. எத்தனை மில்லிகிராம், எந்த வேளையில், எத்தனை நாள் என்ற மூன்று கேள்விகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

அதற்கு முன் குடற்புண்ணுக்கு அமிலநீக்கிகளும் உணவுக் கட்டுப்பாடும் பரிந்துரைக்கப்பட்டன. அமிலநீக்கி ஏற்கெனவே சுரந்த அமிலத்தை நடுநிலையாக்கும், சுரப்பை நிறுத்தாது. புண் ஆறாமல் குருதி கசிந்தவர்கள் பலர் அறுவை சிகிச்சைக்கு உள்ளாயினர்.

அமிலச் சுரப்பைத் தூண்டும் ஹிஸ்டமினைத் தடுக்க, இங்கிலாந்தில் ஸ்மித் கிளைன் அண்டு பிரெஞ்சு நிறுவனத்தில் ஜேம்ஸ் பிளாக் குழுவினர் முயன்றனர். 1972இல் அறிவிக்கப்பட்ட புரிமமைடு, வாய்வழியாகக் கொடுத்தபோது போதிய பயன் தரவில்லை. அடுத்த மருந்தான மெட்டியமைடு பயன் தந்தது. ஆனால் சில நோயாளிகளுக்கு வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்ததால் கைவிடப்பட்டது. அதன் மூலக்கூறில் இருந்த தயோயூரியா பகுதியை மாற்றி உருவாக்கிய சிமெட்டிடின், 1976இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது.

தொடக்கத்தில் அங்கு சிமெட்டிடின் உணவுடன் மூன்று வேளை 200 மி.கி., படுக்கும்போது 400 மி.கி. எனக் கொடுக்கப்பட்டது. முன்சிறுகுடல் புண் ஆறுவதற்கு இரவுநேரச் சுரப்பைக் குறைப்பது முக்கியம் எனத் தெரிந்தபின், இரவில் ஒரே வேளையாக 800 மி.கி. கொடுக்கும் முறையும் வந்தது. நாள் அளவு 1,000 மி.கி.யிலிருந்து குறைந்தும் புண் ஆறியது.

சுவீடனில் ஹெஸ்லே நிறுவனம் உருவாக்கிய ஒமெப்பிரசோல் 1988இல் வெளிவந்தது. பிளாக் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதும் அதே ஆண்டில்தான். இது குருதியில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆயினும் அமிலத்தை வெளியேற்றும் புரோட்டான் எக்கியுடன் நிலையாகப் பிணைவதால், பயன் ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும். எனவே பலருக்கு நாளொன்றுக்கு 20 மி.கி. போதுமானதாயிற்று. எக்கிகள் இயங்கும்போதே மருந்து பிணையும் என்பதால், காலை உணவுக்கு முன் உட்கொள்ளுமாறு கூறப்படுகிறது. அமிலம் மிகுதியாகச் சுரக்கும் சோலிஞ்சர்-எலிசன் நோய்க்கு 60 மி.கி.யில் தொடங்கி, சுரப்புக்கேற்ப அளவு மாற்றப்படுகிறது.

மருந்தை நிறுத்தியபின் புண் திரும்ப வந்த சிக்கலுக்கு, ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் விடை கண்டனர். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவே பெரும்பாலான குடற்புண்களுக்குக் காரணம் என்பது உறுதியானபின், நுண்ணுயிர்க்கொல்லிகளுடன் சேர்த்து ஓரிரு வாரங்கள் அமிலக்குறைப்பு மருந்து கொடுப்பது வழக்கமாயிற்று. பல ஆண்டுகள் மாத்திரை உண்ண வேண்டியிருந்த நோயாளிகள் பலர், அத்துடன் அதிலிருந்து விடுபட்டனர்.