செவிக்கருவியும் விரியலாக்கியும்: இயக்குதற்கு அரியன என்பவற்றின் வரலாறு

இலட்சக்கணக்கான ரூபா கொடுத்து உயர்தரமான செவிக்கருவி ஒன்றை வாங்கியவர், அதனை இயக்குதற்கு ஏற்ற விரியலாக்கியைத் தேடி அலைவதை இந்நாளிற் பரக்கக் காணலாம். பொதுவழக்கில் முன்னையது ஹெட்போன் எனவும் பின்னையது அம்பிளிபயர் எனவும் வழங்கும். சில செவிக்கருவிகள் ‘இயக்குதற்கு அரியன’ என்று பெயர்பெற்றுள்ளன. அவ்வருமை எதனால் உண்டாயிற்று, எக்காலத்தில் தலைப்பட்டது, எதனைக்கொண்டு அதனை அளத்தல் வேண்டும் என்னும் வினாக்களுக்கு விற்போர் தரும் விடைகள் பெரும்பாலும் தெளிவற்றவை. ஓம் கணக்கிற் குறிக்கப்படும் தடங்கல் எண் பெரிதாயின் கருவி அரியது, சிறிதாயின் எளியது என்பதே பலரும் கைக்கொண்டுள்ள விதி. இவ்விதி எவ்வளவு பிழையானது என்பதைக் கருவிகளின் வரலாறே காட்டிவிடும்.

விரியலாக்கி என்பதொன்று இல்லாத காலத்திலேயே செவிக்கருவி தோன்றிவிட்டது. 1876-இல் தொலைபேசி பிறந்தபின், கம்பிவழியே வந்த மிகச்சிறு மின்னோட்டத்தையே செவிக்கு ஒலியாக்க வேண்டியிருந்தது. பின்னர் வந்த பளிங்கு வானொலியின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அதற்கு மின்கலமும் இல்லை. வான்கம்பி பற்றிய அலையின் ஆற்றல் எதுவோ அதுவே ஒலியின் ஆற்றலும் ஆகும். ஆகவே அக்காலக் கருவியமைப்போர் மயிரிழை போன்ற செப்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுக்களாகச் சுற்றி, அச்சுருளின் எதிரே மெல்லிய இரும்பு மென்றகட்டை நிறுத்தினர். 2000 ஓம், 4000 ஓம் என்னும் பெருந்தடைகள் இவ்வாறு எழுந்தவையே. இன்றையோர் விதிப்படி நோக்கின் இவை இயக்குதற்கு மிக அரியனவாதல் வேண்டும். உண்மையிலோ உலகில் எக்காலத்தும் செய்யப்பட்ட செவிக்கருவிகளுள் மிகக் குறைந்த ஆற்றலால் இயங்கியவை இவையேயாம்.

அக்கலையில் தலைநின்றவர் அமெரிக்காவின் யூற்றா மாநிலத்தவரான நதானியல் போல்ட்வின். காந்தத்தின் நடுவே சமநிலையில் நிற்கும் சிறு இரும்புக்கோல் ஒன்று அப்பிரகத் தகட்டை அசைக்குமாறு இவர் ஒரு கருவியை அமைத்து, 1910-இல் அமெரிக்கக் கடற்படையினருக்கு அனுப்பினார். படையினர் சோதித்துப் பார்த்து, தம்மிடமிருந்தவற்றினும் அது மேம்பட்டதெனக் கண்டு மேலும் வேண்டினர். ஒருமுறைக்குப் பத்துக்கு மேல் அனுப்ப அவரால் இயலவில்லை. அவருடைய தொழிற்சாலை வீட்டின் அடுக்களையாக இருந்தமையே காரணம்.

இந்நிலையை மாற்றியது வெற்றிடக் குழாயாகிய வால்வு. 1906-இல் லீ டி பொரெஸ்ற் ‘ஓடியன்’ என்னும் மூன்றுமுனைக் குழாயை ஆக்கினார். அது மின்சைகையைப் பெருக்கவல்லது என்பது 1912 அளவில் தெளிவாயிற்று. 1915-இல் நியூயோர்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோவரை தொலைபேசிக் குரல் சென்றதும் இவ்வால்வின் துணையாலேயே. ஆற்றலை வேண்டியவாறு பெருக்கிக்கொள்ளலாம் என்றானபின், செவிக்கருவி அமைப்போர்க்கு ஒரு புதிய உரிமை கிடைத்தது. இரும்பு மென்றகடு உரக்க ஒலிக்குமாயினும், குறித்த சில மீடிறன்களில் அதிர்ந்து குரலை மூக்கொலியாக்கும் குறை உடையது. உணர்திறனை ஓரளவு கைவிட்டால் ஒலியின் உண்மையைப் பெறலாம். பெறவேண்டிய விலையை விரியலாக்கி கொடுத்துவிடும். இக்கைம்மாற்றே பிற்காலத்து அருமை யாவற்றுக்கும் வித்தாகும்.

பேர்லின் நகரில் 1924-இல் ஒய்கன் பயர் நிறுவிய தொழிலகம் 1937-இல் டி.ரி. 48 என்னும் இயங்குசுருட் செவிக்கருவியை வெளியிட்டது. மென்றகட்டோடு ஒட்டிய இலேசான சுருள் காந்த இடைவெளியில் அசைவது இதன் அமைப்பு. இன்றைய செவிக்கருவிகளிற் பெரும்பாலானவை இதன் வழிவந்தவையே. 1958-இல் அமெரிக்கரான யோன் கொஸ் ஈரொலிச் செவிக்கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தபின், படைவீரரும் தொலைபேசி இயக்குநரும் அணிந்த கருவி இசை நுகர்வோர் இல்லம் புகுந்தது.

அக்காலத்து இல்லங்களிற் செவிக்கருவிக்கென வேறாக விரியலாக்கி இருந்ததில்லை. ஒலிபெருக்கியை இயக்கும் விரியலாக்கியிலேயே ஒரு துளை அமைத்து, இடையே நூறு ஓம் முதலாகச் சில நூறு ஓம்வரை தடையொன்றை இட்டுவிடுவர். செவிக்கருவியின் தடங்கல் மிகப் பெரிதாயின் அத்தடையால் யாதொரு தீங்கும் இல்லை. 1968-இல் வெளிவந்து பெரும்புகழ் ஈட்டிய சென்ஹைசர் எச்.டி. 414 ஏறக்குறைய 2000 ஓம் தடங்கல் உடையதாயிருந்தமை இச்சூழலோடு பொருந்தியதே. 1996-இல் அனைத்துலக மின்தொழினுட்ப ஆணைக்குழு செவிக்கருவித் துளைக்கு 120 ஓம் வெளியீட்டுத் தடங்கலை விதந்துரைத்ததும் இப்பழைய வழக்கின் எச்சம் எனலாம்.

இதற்கிடையே வேறு இரு நெறிகளும் தோன்றின. யப்பானிய ஸ்ராக்ஸ் நிறுவனம் 1960-இல் நிலைமின் செவிக்கருவியை விற்பனைக்கு விட்டது. சுருளே இல்லாத மெல்லிய படலம் இரு துளைத்தகடுகளிடையே மின்னேற்றத்துடன் நிற்க, அத்தகடுகளின் அழுத்த மாற்றம் அதனை அசைக்கும். இதற்கு நூற்றுக்கணக்கான வோற்று வேண்டும். அந்நிறுவனத்தின் பிற்காலக் கருவிகளில் நிலையழுத்தம் மட்டுமே 580 வோற்று. ஆதலின் தனி விரியலாக்கியையோ, ஒலிபெருக்கி விரியலாக்கியோடு இணைக்கும் நிலைமாற்றிப் பெட்டியையோ இதற்கெனவே செய்ய வேண்டியதாயிற்று. சென்ஹைசர் நிறுவனம் 1991-இல் ஓர்ஃபியஸ் என்னும் நிலைமின் கருவியை முந்நூறு தொகுதிகள் மட்டுமே செய்தபோது, அதற்குரிய வால்வு விரியலாக்கியையும் கூடவே விற்று, வாங்குவோரைத் தேர்வுத் துன்பத்தினின்றும் விடுவித்தது. மற்றைய நெறி தளக்காந்த நெறி. படலத்தின்மேல் கடத்தியைப் பரப்பி அதனைக் காந்த வரிசைகளிடையே நிறுத்துவது அது. 1976-இல் யமஹா நிறுவனத்தின் எச்.பி. 1 இந்நெறியில் வந்தது.

இனி, அருமையின் எல்லையைத் தொட்டவற்றை நோக்குதல் தகும். வியன்னா நகரத்து ஏ.கே.ஜி. நிறுவனம் 1989-இல் வெளியிட்ட கே 1000 செவியை மூடாது, இரு பக்கத்தும் சிறு ஒலிபெருக்கிகள் போலத் தொங்குவது. அடைப்பு இன்மையின் ஒலி வெளியே சிதறும். ஒரு மில்லிவாற்றுக்கு 74 தெசிபெல் என்பதே அதன் உணர்திறன். வாத்திய இசையின் உச்சங்கள் 110 தெசிபெல்லை எட்டவேண்டுமெனின், மேலும் 36 தெசிபெல், அதாவது நாலாயிரம் மடங்கு ஆற்றல் தேவை. கே 1000-இன் 120 ஓம் தடங்கலில் இந்த 4 வாற்றைச் செலுத்த ஏறக்குறைய 22 வோற்று வேண்டும். இதனை உடையோர் ஒலிபெருக்கி விரியலாக்கியின் முனைகளோடு நேரே இணைத்தமை பகட்டினால் அன்று. கணக்கு அவ்வாறு கேட்டது.

ஹைபைமன் நிறுவனம் 2010-இல் வெளியிட்ட எச்.ஈ. 6 என்னும் தளக்காந்தக் கருவியின் தடங்கல் 50 ஓம், உணர்திறன் 83.5 தெசிபெல். பயர்டைனமிக் நிறுவனத்தின் டி.ரி. 880 வகைகளுள் ஒன்றன் தடங்கல் 600 ஓம். உணர்திறன் 96 தெசிபெல். இவ்விரண்டையும் ஒரு வோற்று மட்டுமே தரும் சிறு கருவியில் இணைப்பின், 600 ஓம் கருவி ஏறத்தாழ 98 தெசிபெல்லையும், 50 ஓம் கருவி ஏறத்தாழ 96.5 தெசிபெல்லையும் எட்டும். தடங்கலிற் பன்னிரு மடங்கு பெரியது சற்றே உரக்கவும் ஒலிக்கின்றது! அன்றியும் முன்னையது இரண்டு மில்லியம்பியருக்கும் குறைந்த ஓட்டத்தையும், பின்னையது 20 மில்லியம்பியரையும் கொள்ளும். தடங்கல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவர் எவ்விடத்தில் ஏமாறினார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

யாழ்ப்பாணத்துத் துலாக்கிணறு இதனை விளக்கும். ஆழ்ந்த கிணற்றில் சிறு பட்டையால் இறைப்பதும், ஆழமற்ற கிணற்றில் பெரும் பட்டையால் இறைப்பதும் ஒரேயளவு உழைப்பைக் கேட்கலாம். ஆயினும் முன்னதற்கு நீண்ட துலாவும் பின்னதற்கு வலிய துலாவும் வேண்டும். பெருந்தடங்கற் கருவி ஆழ்ந்த கிணறு. அது வோற்றைக் கேட்கும். சிறுதடங்கலும் குறைந்த உணர்திறனும் உடையது பெரும் பட்டை. அது ஓட்டத்தைக் கேட்கும். 110 தெசிபெல் உச்சத்துக்கு டி.ரி. 880-இன் 600 ஓம் வகை ஏறத்தாழ 3.9 வோற்றும் 6.5 மில்லியம்பியரும் கொள்ள, எச்.ஈ. 6 ஏறத்தாழ 4.7 வோற்றும் 95 மில்லியம்பியரும் கொள்ளும். வோற்றளவில் அணித்தாய் நிற்கும் இவை ஓட்டத்திற் பெரிதும் வேறுபடுதலின், முன்னையதைச் செவ்வனே இயக்கும் விரியலாக்கி பின்னையதிடம் உச்சங்களைச் சிதைத்துவிடலாம்.

விரியலாக்கியின் வெளியீட்டுத் தடங்கலும் கருதற்பாலது. இயங்குசுருட் கருவியின் தடங்கல் எல்லா மீடிறன்களிலும் ஒன்றாக நில்லாது, தாழ்ந்த மீடிறனில் அதிர்வுக்குரிய இடத்தில் உயரும். 300 ஓம் எனக் குறித்த கருவி அங்கு 500 ஓம் ஆகுமெனக் கொள்வோம். அதனை 120 ஓம் துளையில் இணைப்பின், அத்தாழ்ந்த சுரங்கள் ஏறத்தாழ ஒரு தெசிபெல் மிகும். மாற்றம் சிறிதே, ஆயினும் தாழ்சுரம் பருத்துக் கேட்கும். சிலர் வால்வு விரியலாக்கிகளின் ‘இனிமை’ எனப் போற்றுவதில் ஒரு கூறு இதுவாதல் கூடும். தளக்காந்தக் கருவியின் தடங்கல் ஏறக்குறைய மாறாது நிற்பதால் அதற்கு இவ்விளைவு இல்லை.

1979-இல் சொனி நிறுவனத்தின் வோக்மன் வந்தபின், இரு சிறு மின்கலங்களின் 3 வோற்றுக்குள் அடங்க வேண்டிய செவிக்கருவிகள் தாழ்ந்த தடங்கலை நாடின. வீட்டுக்குரிய உயர்தரக் கருவிகளோ பழைய வழியிலேயே நின்றன. இவ்விடைவெளியே தனி விரியலாக்கி வாணிகத்துக்கு நிலமாயிற்று. 1992-இல் மொன்ரானா மாநிலத்தில் தோன்றிய ஹெட்றூம் நிறுவனம் இத்துறையில் முன்னோடிகளுள் ஒன்று. பின்வந்தோர் வாற்று எண்ணைப் பெருக்கிக் காட்டுவதில் போட்டியிட்டனர். கருவி கேட்கும் வோற்றையும் ஓட்டத்தையும் சிதைவின்றித் தந்து, தாழ்ந்த வெளியீட்டுத் தடங்கலும் அடங்கிய இரைச்சலும் உடையதாயின், அதற்குமேல் உள்ள வாற்று செவிக்கு எதனையும் சேர்ப்பதில்லை. தீங்கு நேர்வதே எளிது. 85 தெசிபெல் ஒலியில் நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் தங்கலாம் எனவும், ஒவ்வொரு 3 தெசிபெல் ஏற்றத்துக்கும் அந்நேரம் பாதியாகும் எனவும் அமெரிக்கத் தொழிற்சுகாதார நிலையம் வகுத்துள்ளது. அக்கணக்கின்படி 100 தெசிபெல்லுக்குரிய காலம் பதினைந்து நிமிடமே. உணர்திறன் மிக்க சிறு செவிக்கருவியைப் பெரும் விரியலாக்கியில் மாட்டுவோர் முதலில் இரைச்சலையும், கை தவறின் செவிக்கேட்டையும் பெறுவர்.

கே 1000 இன்று செய்யப்படுவதில்லை. அதன் நான்குமுனைச் செருகி மட்டும் பிற்காலச் சமநிலைச் செவிக்கருவிகளின் பொதுவழக்காய் நிலைத்துவிட்டது. ஏ.கே.ஜி. நிறுவனத்தில் முன்னர் பணியாற்றிய பொறியியலாளர் சிலர் வியன்னாவிலேயே மைஸ்பியர் என்னும் கருவியைச் செய்துள்ளனர். செவியை மூடாது பக்கத்தில் நிற்கும் அதே தோற்றம். ஆனால் 15 ஓம், 110 ஓம் என இரு வகையாக வந்துள்ள அதனை இயக்க ஒலிபெருக்கி விரியலாக்கி வேண்டியதில்லை.