லூத்தர் சேர்த்த ஒரு சொல்: உரோமர் 3:28உம் ‘விசுவாசத்தினால் மட்டுமே’ என்னும் கோட்பாடும்

மார்ட்டின் லூத்தர் செருமானியத்தில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1522 செப்டம்பரில் விட்டன்பர்க்கில் அச்சாயிற்று. மனிதன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளின்றி விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுகிறான் என்பதே உரோமர் 3:28இன் கிரேக்க மூலம் தரும் பொருள். அவ்விடத்தில் லூத்தர் ‘அல்லைன்’ (மட்டும்) என்னும் சொல்லைச் சேர்த்தார். மூலத்தில் இல்லாத அச்சொல் நெடிய பூசலுக்கு வித்திட்டது. கண்டித்தவருள் முதன்மையானவர் ஹியரோனிமஸ் எம்சர். எனினும் 1527இல் அவர் வெளியிட்ட புதிய ஏற்பாடு பெரும்பாலும் லூத்தரின் நடையையே தழுவியிருந்தது!

1530 செப்டம்பரில் கோபுர்க் கோட்டையிலிருந்து எழுதிய திறந்த மடலில் லூத்தர் இரு காரணங்களை முன்வைத்தார். ஒன்றை உடன்பட்டு மற்றொன்றை மறுக்குமிடத்து ‘மட்டும்’ என்று சேர்த்துரைப்பது செருமானிய வழக்கு என்பது முதலாவது. உழவன் தானியம் மட்டும் கொணர்கிறான், பணம் கொணரவில்லை என்பது அவர் காட்டும் சான்று. பிரிநிலை ஏகாரத்தை அறிந்த தமிழர்க்கு இவ்வாதம் எளிதில் விளங்கும். பவுலின் கருத்தே அச்சொல்லை வேண்டி நிற்கிறது என்பது இரண்டாவது. இவற்றுள் பின்னதே உண்மையான அடிப்படை எனலாம். வழக்கு பற்றிய வாதம் சொல்லைச் சேர்க்க இடந்தருமேயன்றி, கோட்பாட்டை நிறுவாது.

அச்சொல்லாட்சி லூத்தர்க்கே உரியதும் அன்று. தாமஸ் அக்குவினாஸ் உள்ளிட்ட முன்னோரிடமும் அது காணப்படுகிறது. புதுமை பொருளில்தான் இருந்தது. அன்பினால் உருப்பெற்ற விசுவாசமே மனிதனை நீதிமானாக்கும் என்பது இடைக்கால இறையியலார் கொள்கை. லூத்தரோ அந்நீதி மனிதனுள் விளைவதன்று, கிறிஸ்துவினுடையது, விசுவாசிக்கு அவன் கணக்கில் எண்ணப்படுவது என்றார். விசுவாசம் அதனை ஏற்கும் வெறுங்கை. நற்கிரியைகள் அதன் கனிகள்.

இடர்ப்பாடு யாக்கோபின் திருமுகத்தில் எழுந்தது. புதிய ஏற்பாட்டில் ‘விசுவாசத்தினால் மட்டும்’ என்னும் தொடர் யாக்கோபு 2:24இல்தான் உள்ளது. அங்கும் மறுக்கப்பட்டே வருகிறது. 1522ஆம் ஆண்டு முன்னுரையில் அத்திருமுகத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்ட லூத்தர், பிற்பதிப்புகளில் அவ்வுவமையை நீக்கிவிட்டார்.

1547 சனவரி 13இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் தன் 9ஆம் விதியில் இக்கோட்பாட்டைக் கண்டித்தது. ஆயினும் அவ்விதி நிபந்தனையுடையது: அருளைப் பெற மனிதனின் ஒத்துழைப்பு எதுவும் வேண்டா என்னும் பொருளில் ‘மட்டும்’ என்பாரையே அது விலக்குகிறது. இந்நுணுக்கத்தைப் பல வரலாற்று நூல்கள் கருதாது கடந்துவிடுகின்றன.

1999 அக்டோபர் 31இல் ஆக்சுபர்க்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கூட்டறிக்கையில் ஒப்பமிட்டன. அதன் 25ஆம் பத்தி இருதரப்பாரும் இணைந்து அறிக்கையிடுவது; அங்கே ‘மட்டும்’ இல்லை. லூத்தரன் விளக்கமாகிய 26ஆம் பத்தியில் அச்சொல் உண்டு. உடன் வெளியான பிற்சேர்க்கையில்தான் அது இருதரப்பார்க்கும் பொதுவான கூற்றாக இடம்பெற்றது.