சர்ச் ஹாலுக்குத் திரும்பிய படை

இங்கிலாந்தில் ஆன்சைட் வேலையில் இருந்த ஒரு குளிர்காலத்தில், கூட வேலை பார்த்தவர் தன் ஊர் அமெச்சூர் குழு போடும் நாடகத்துக்கு டிக்கெட் கொடுத்தார். நாடகம் ‘டாட்ஸ் ஆர்மி’. பிபிசியில் 1968 முதல் 1977 வரை, 80 எபிசோடுகள் வந்த நகைச்சுவைத் தொடர். டிவிடியில் அசல் நடிகர்களோடு கிடைப்பதை எதற்கு சர்ச் ஹாலில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தெரியாத ஆட்கள் நடிக்கப் பார்க்கணும்? இந்தக் கேள்வியோடுதான் போனேன்.

தொடரின் பின்னணி வரலாறு. 1940 மே 14 அன்று, ஜெர்மன் படைகள் பிரான்ஸுக்குள் நுழைந்துகொண்டிருந்தபோது, போர் அமைச்சர் ஆண்டனி ஈடன் வானொலியில் பேசினார். ராணுவத்தில் இல்லாத, 17 முதல் 65 வயது வரையிலான ஆண்கள் உள்ளூர்க் காவலுக்கு வரவேண்டும் என்றார். பின்னால் ‘ஹோம் கார்ட்’ என்று பெயர் மாறிய அந்தப் படையில் முதலில் எல்லோருக்கும் துப்பாக்கி கிடையாது. கைப்பட்டை கட்டிக்கொண்டு, கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அதில் சிறுவனாக இருந்த ஜிம்மி பெர்ரி, பல வருஷம் கழித்து டேவிட் கிராஃப்டோடு சேர்ந்து எழுதியதுதான் இந்தத் தொடர். பேங்க் மேனேஜர் மெயின்வாரிங் தன்னைத்தானே கேப்டனாக நியமித்துக்கொள்கிறார். அவருக்குக் கீழே கசாப்புக்காரர், சவ அடக்கம் செய்பவர், கள்ளச்சந்தை ஆசாமி, அம்மா பிள்ளையான பேங்க் குமாஸ்தா. அதாவது, போரில் அமெச்சூர்கள்.

நான் பார்த்த மேடையில் நின்றவர்களும் ஏறக்குறைய அந்த ஊரின் அதே வகையறாதான். பகலில் வேறு வேலை, செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒத்திகை. தொடரில் படை பயிற்சி எடுப்பது ஒரு சர்ச் ஹாலில். ஹால் யாருக்கு என்று பாதிரியாரோடும் கோயில் பணியாளோடும் ஓயாத சண்டை வேறு. இங்கே செட் போடவே தேவையில்லை, ஹாலே செட்!

இது அந்த ஊருக்கு மட்டும் வாய்த்த பொருத்தம் இல்லை. அந்தக் காலத்து சிட்காம் பாதி நாடகம்தான். ஸ்டூடியோவில் மூன்று நான்கு செட் போட்டு, எதிரே பார்வையாளர்களை உட்கார வைத்து, அவர்கள் சிரிப்பையும் சேர்த்துப் பதிவு செய்வார்கள். வெளிப்புறக் காட்சிகளை முன்கூட்டியே படமெடுத்துவிடுவார்கள். ‘டாட்ஸ் ஆர்மி’க்கு நார்ஃபோக்கில் தெட்ஃபோர்ட் பக்கம். 1975-இல் அசல் நடிகர்கள் பலரே லண்டனில் ஷாஃப்ட்ஸ்பரி தியேட்டரில் மேடையேறினார்கள். இன்று அமெச்சூர் குழுக்கள் வழக்கமாகப் போடுவது, மூன்று எபிசோடுகளைக் கோத்த பிரதி ஒன்று. ஒவ்வொரு காட்சிக்கும் உரிமைத்தொகை கட்டவேண்டும். ‘ஃபால்டி டவர்ஸ்’, ‘அலோ அலோ’, ‘பிளாக்ஆடர்’ எல்லாம் இப்படித்தான் ஊர் ஊராகப் போகின்றன.

சிக்கல் நடிப்பில் வருகிறது. ஆர்தர் லோவின் முகம் எல்லோருக்கும் மனப்பாடம். மெயின்வாரிங்காக வருபவர் அவரை நகலெடுத்தால் மிமிக்ரி. எடுக்காவிட்டால் ‘இது அவர் இல்லையே’. அன்றைக்கு நடித்தவர் முதல் அரை மணி நேரம் நகலெடுத்துத் திணறினார். என் சந்தேகம் சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

காட்ஃப்ரேயாக வந்த முதியவர்தான் அதை மாற்றினார். படையின் வயதானவர்களில் ஒருவர், அடிக்கடி கழிப்பறைக்கு அனுமதி கேட்பவர். அந்த மனிதர் நடுங்கியது நடிப்பா நிஜமா என்று தெரியவில்லை. தொலைக்காட்சியில் அந்த வேடத்தைச் செய்த ஆர்னால்ட் ரிட்லியிடமும் இந்தக் கோடு இப்படித்தான் அழிந்திருந்தது. முதல் உலகப் போரில் சோம் போர்க்களத்தில் காயம்பட்டவர். இரண்டாம் போரில் மறுபடி ராணுவம், உடல்நிலை கெட்டு வெளியே வந்தபின் உள்ளூர் ஹோம் கார்ட். இடையில், மாங்கட்ஸ்ஃபீல்ட் ரயில் நிலையத்தில் மாட்டிக்கொண்ட ஓர் இரவை வைத்து ‘த கோஸ்ட் ட்ரெய்ன்’ எழுதினார். 1925-இல் லண்டனில் அரங்கேறி, அமெச்சூர் குழுக்கள் திரும்பத் திரும்பப் போட்ட நாடகம். பணமுடையில் அதன் அமெச்சூர் உரிமையை அவர் எப்போதோ விற்றிருந்தார். கடைசியில் நாடு அவரை நினைவு வைத்தது ஒரு சாதுக் கிழவராக.

இன்னொன்றும் உண்டு. அப்போது வீடியோ டேப் விலை அதிகம். பிபிசி பழைய பதிவுகளை அழித்து அதிலேயே புதிதாகப் பதிந்தது. 1969-இல் வந்த இரண்டாம் வரிசையின் 6 எபிசோடுகளில் 3 இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் எழுத்துப் பிரதி இருந்தது. அதை வைத்து 2019-இல் வேறு நடிகர்கள் அந்த மூன்றையும் மறுபடி நடித்தார்கள். என் தொழிலில் பேக்கப் என்றால் இன்னொரு டிஸ்க். இங்கே பேக்கப் காகிதத்தில் இருந்தது. அதை மறுபடி ஓடவைக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

அந்த ஆட்களை நான் பார்த்தது இரண்டாம் பாதியில். சிறைப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கேப்டன், போர் முடிந்ததும் பழிவாங்க ஒவ்வொருவர் பெயராகக் குறித்துக்கொள்கிறான். தன்னைக் கேலி செய்த குமாஸ்தாப் பையனின் பெயரையும் கேட்கிறான். சொல்லாதே என்று அதட்டும் மெயின்வாரிங், அந்த வாக்கியத்திலேயே பெயரையும் உளறிவிடவேண்டும். நம்மவர் வாய் திறந்தார். வரி வரவில்லை. ஓரத்திலிருந்து எடுத்துக்கொடுப்பதற்குள், ஹால் முழுக்க ஒரே குரலில் சொல்லிவிட்டது! அவர் மீசைக்குள் சிரித்தார், பிறகு தன் குரலிலேயே மறுபடி சொன்னார். அதற்குப் பிறகு ஆர்தர் லோ ஞாபகம் யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை, எனக்கு நிச்சயமாக வரவில்லை.

முடிந்ததும் கேப்டன் யூனிஃபார்மோடே நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். காலையில் ஹாலை வேறு யாருக்கோ கொடுத்தாகணுமாம். நானும் ஒரு வரிசையை மடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.