சிறு குழுக்களும் தரவரிசைச் சோதனையும்: ஒரு வரலாற்று நோக்கு

மேற்கே மட்டக்களப்பு வாவியும் கிழக்கே வங்காள விரிகுடாவும் சூழ்ந்த ஒடுங்கிய நிலத்தில் அமைந்தது நாவற்குடா. அங்கு வாவியில் வலைவீசுவோர் நால்வரும் கடலில் தோணியிறக்குவோர் நால்வரும் ஒரு நாளிற் பெற்ற மீனின் நிறையை ஒப்பிட முனைகின்றோம் எனக் கொள்வோம். விளக்கத்தின் பொருட்டு, வாவியிற் பெற்றவை 3, 4, 5, 6 கிலோ எனவும், கடலிற் பெற்றவை 7, 8, 9, 40 கிலோ எனவும் வைத்துக்கொள்ளலாம். கடலிற் பெற்ற மிகக் குறைந்த நிறையும் வாவியிற் பெற்ற மிகக் கூடிய நிறையை விஞ்சி நிற்கின்றது. ஆயினும் பலரும் கையாளும் ரீ சோதனை இங்கு 1.43 என்னும் பெறுமானத்தையே தருகின்றது. நூற்றுக்கு 5 என்னும் மட்டத்தில் வேற்றுமை உண்டெனக் கூறுவதற்கு 2.45 வேண்டும். அந்த 40 கிலோவை 10 ஆகக் குறைத்தாலோ, பெறுமானம் 4.38 ஆக உயர்கின்றது. கடலின் பேறு குறையக் கடலின் மேம்பாடு உறுதிப்படுகின்றது என்னும் இம்முரண்பாடு சிந்திக்கற்பாலது.

இதற்கான காரணம் அச்சோதனையின் பிறப்பிலேயே உள்ளது. டப்ளின் நகரின் கின்னஸ் மதுவடிசாலையிற் பணியாற்றிய வில்லியம் கொசெற், ‘ஸ்ருடன்ற்’ என்னும் புனைபெயரில் 1908 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையே அதன் மூலமாகும். சிறிய மாதிரிகளுக்கு வழிகண்ட பெருமை அவருக்குரியது. எனினும், தரவுகள் செவ்வன் பரம்பலிலிருந்து வந்தவை என்பது அம்முறையின் எடுகோள். நான்கு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு அவ்வெடுகோளைச் சரிபார்த்தல் இயலாது. தனியொரு பேரெண் இடையை உயர்த்துவதோடு நியம விலகலையும் பெருக்கிவிடுகின்றது.

மாற்றுவழியைக் கண்டவர்களுள் ஒருவர் கணித அறிஞரல்லர், இரசாயன அறிஞர். பிராங் வில்கொக்சன் பௌதிக இரசாயனத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ரொனால்ட் பிஷரின் நூலைப் பயின்று புள்ளிவிபரவியலுக்குள் வந்தவர். அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்திற் பணியாற்றிய காலத்தில், 1945 ஆம் ஆண்டு, நான்கு பக்கங்களே கொண்ட கட்டுரையொன்றை வெளியிட்டார். ஈக்களைக் கொல்லும் இரு தெளிமருந்துகளை எட்டு முறை வீதம் சோதித்துப் பெற்ற விளைவுகளே அவர் காட்டிய முதல் எடுத்துக்காட்டு. எண்களை நீக்கி, சிறியதிலிருந்து பெரியது வரை அவை பெறும் இடங்களை மட்டும் கூட்டிப் பார்த்தல் என்பதே அவரது வழி.

1947 ஆம் ஆண்டில், வியன்னாவிற் பிறந்து 1938 இல் ஐக்கிய அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த ஹென்றி மானும், அவருடைய மாணவரான டொனால்ட் விற்னியும் ஓகையோ அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து இம்முறைக்கு உறுதியான கணித அடித்தளம் அமைத்தனர். குழுக்களின் அளவு சமமாக இராதபோதும் சோதனையைப் பயன்படுத்த அவர்கள் வழிசெய்தனர். ஆயினும் இவ்வெண்ணம் முற்றிலும் புதிதன்று. ஜெர்மனியில் குஸ்தாவ் டொய்ச்லர் 1914 இலேயே கல்வி உளவியல் ஏடொன்றில் இதனையொத்த முறையை வெளியிட்டிருந்தார். மறக்கப்பட்டிருந்த அப்பணியை வில்லியம் குரூஸ்கல் 1957 இல் எடுத்துக்காட்டினார். இன்றும் சோதனை மான், விற்னி, வில்கொக்சன் ஆகியோர் பெயராலேயே வழங்குகின்றது.

இச்சோதனையின் உள்ளியக்கம் எளியது. நான்கு வாவி நிறைகளையும் நான்கு கடல் நிறைகளையும் சோடி சேர்த்தால் 16 சோடிகள் கிடைக்கும். வாவி நிறை மேலோங்கும் சோடி ஒன்றும் இல்லை. எனவே எண்ணிக்கை சூனியம். இரு குழுக்களிடையே வேற்றுமை இல்லையெனின், எட்டு இடங்களுள் நான்கு வாவியினருக்கு அமையக்கூடிய வகைகள் 70; அவை யாவும் சம வாய்ப்புடையன. இத்தகைய முழுப்பிரிவு இரண்டு வகைகளிலேயே நிகழும். ஆதலின் நிகழ்தகவு 70 இல் 2, அதாவது ஏறத்தாழ 0.029. 40 என்பது 10 ஆயினும் 400 ஆயினும் முடிவு மாறாது.

1956 ஆம் ஆண்டு சிட்னி சீகல் எழுதிய நூல் இத்தகைய பரமானமில்லாச் சோதனைகளை உளவியல், சமூகவியல் மாணவர்களிடையே பரவச் செய்தது. அதே ஆண்டில் ஹொட்ஜஸ், லேமன் ஆகியோர், பெரிய மாதிரிகளில் பரம்பலின் வடிவம் ஒன்றாயிருந்து இடம் மட்டும் பெயரின், ரீ சோதனையோடு ஒப்பிட இதன் வினைத்திறன் நூற்றுக்கு 86.4 இற்குக் கீழ் இறங்காது என நிறுவினர். செவ்வன் பரம்பலிலும் அது ஏறத்தாழ 95.5 ஆகும். எளிமையின் பொருட்டு இழப்பது மிகச் சிறிதே எனலாம்.

ஆயினும் இச்சோதனை சிறுமைக்கு மருந்தன்று. குழுவுக்கு மூவர் எனின் அமையக்கூடிய வகைகள் 20 மட்டுமே. முழுப்பிரிவு நேர்ந்தாலும் நிகழ்தகவு 20 இல் 2, அதாவது 0.10. எத்துணைத் தெளிவான வேற்றுமையாயினும் இருபக்கச் சோதனையில் 0.05 மட்டத்தை எட்டவே இயலாது. ஒரே தோணியிற் சென்ற இருவரைத் தனித்தனி எண்களாகக் கொள்வோமாயின், ஒன்றையொன்று சாராமை என்னும் அடிப்படையே குலைந்துவிடும். இரு பரம்பல்களின் வடிவம் ஒத்திராதவிடத்து, முடிவை இடையங்களின் வேற்றுமையாக வாசித்தலும் தவறாகும்.

ஆகவே கணிப்புக்கு முன்னரே எத்தனை பேரிடம் செல்ல வேண்டும் என எண்ணிப் பார்த்தல் ஆய்வாளரின் கடனாகும். மூவரோடு நிறுத்திவிட்டு, வேற்றுமை இல்லையென எழுதுபவர் காண்பது மீனவரின் நிலையையன்று; தமது மாதிரியின் குறுமையையே.