பசியின் இருப்பிடம்

ஒசூர் சிப்காட் ஆலைகளில் இரவுப் பணி முடித்து வருவோர் விடியலில் தேநீர்க் கடைமுன் நின்று, பஜ்ஜியும் பொட்டலத் தின்பண்டமும் உண்பதை நாம் காண்கிறோம். சிலருக்கு வயிறு நிறைந்த பின்னும் கை நிற்பதில்லை. ராகிக் களியை அளவறிந்து உண்ட குடும்பங்களில் பிறந்தவர்களும் அவர்களுள் உண்டு. 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று எளிதில் தீர்ப்பிட்டு விடுகிறோம்.

இத்தீர்ப்பு மிகப் பழையது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ், மனிதரை அலைக்கழிக்கும் எட்டு எண்ணங்களுள் பெருந்தீனியையே முதலில் வைத்தார். அதற்கு மூளையிலும் ஒரு வேர் உண்டென அறிய இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

1940இல் ஹெதரிங்டன், ரான்சன் என்னும் இருவர், எலியின் மூளையடியிலுள்ள ஹைப்போதலமஸின் நடுப்புறத்தைச் சிதைத்தபோது அது மிகவும் பருத்ததைக் கண்டனர். 1951இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நம் நாட்டவரான பி. கே. ஆனந்தும் பிரோபெக்கும் அதன் பக்கப் பகுதியை இருபுறமும் அழித்தனர். உணவு அருகிலிருந்தும் எலிகள் உண்ணாமல் இறந்தன. 'பசி மையம்' என்னும் கருத்து இவ்வாறு பிறந்தது. ஆனந்த் பின்னர்ப் புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் உடலியங்கியல் துறையை வளர்த்தார்.

1954இல் கனடாவில் ஓல்ட்ஸும் மில்னரும், மூளையின் சில இடங்களில் மின்தூண்டல் பெறுவதற்காக எலிகள் நெம்புகோலை ஓயாது அழுத்துவதைக் கண்டனர். டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுமக்கும் நரம்பிழைகள் ஆனந்த் சுட்டிய பகுதியின் வழியே செல்வதும் பின்னர்த் தெரிந்தது. பசிக்கும் வேட்கைக்கும் பாதை அருகருகே அமைந்திருந்தது!

2001இல் வெளியான ஓர் ஆய்வு, மிகுந்த உடற்பருமன் உடையோரின் மூளையில் டோபமைன் ஏற்பிகள் குறைந்திருப்பதைக் காட்டியது. அது காரணமா, விளைவா என்பதை அவ்வாய்வு தீர்க்கவில்லை. 2013இல் அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் நோய்ப்பட்டியல் 'மிகையுண்ணல் நோயை' ஏற்றது. உணவு அடிமைத்தனத்தை ஏற்கவில்லை. 2019இல் அமெரிக்காவில் இருபது பேரிடம் நடந்த ஆய்வில், ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு தரப்பட்ட நாள்களில் அவர்கள் தினமும் ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக உண்டனர். அவர்களின் மனவுறுதி மாறவில்லை. தட்டிலிருந்த உணவே மாறியது.

மூளையைக் காட்டி மனிதரின் பொறுப்பை முற்றிலும் தள்ளிவிட வேண்டும் என்பதன்று நம் கருத்து. ஆயினும், உறக்கம் கெட்டுக் களைத்து வருபவருக்கு அருகில் கிடைப்பது பொட்டலத் தின்பண்டம் மட்டுமே என்றால், குறையை அவர் நாவில் மட்டும் தேடுவது நீதியாகுமா? இரவுப் பணியாளருக்குச் சூடான களியும் கீரைக் குழம்பும் கிடைக்க வழி செய்த பின்னரே அவரது கட்டுப்பாட்டைப் பற்றி நாம் பேசலாம்.