'நான் நிதானமாதான் ஓட்டினேன்': டிரங்க் அண்ட் டிரைவ் வழக்கில் இந்த வாதம் எடுபடுமா?

"சார், ரெண்டு பெக்தான். ஸ்டெடியா இருக்கேன், வேணும்னா நேரா நடந்து காட்டவா?"

ராத்திரி வாகன சோதனையில் மாட்டுபவர்கள் பலரும் சொல்வது இதைத்தான். சிலர் நிஜமாகவே நேராக நடந்தும் காட்டிவிடுவார்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போனால் அந்த நடை காப்பாற்றுமா?

பெரும்பாலும் காப்பாற்றாது.

சட்டம் எதைப் பார்க்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு மதுவுக்கு ஒரு அளவை வைத்திருக்கிறது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். தள்ளாடினீர்களா, தெளிவாகப் பேசினீர்களா என்ற கேள்வியே அங்கு இல்லை. 1988-ல் சட்டம் வந்தபோது 'எவ்வளவு சிறிய அளவாக இருந்தாலும்' குற்றம் என்றுதான் இருந்தது. 1994 திருத்தத்தில்தான் இந்த 30 வந்தது. முதல் முறை சிக்கினால் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் சிக்கினால் 2 ஆண்டு வரை சிறை, 15,000 ரூபாய்.

அதே பிரிவு போதைப்பொருளுக்கு வேறு கணக்கு போடுகிறது. வாகனத்தைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு அதன் பாதிப்பில் ஓட்டுநர் இருந்தாரா என்று பார்க்கிறது. அதாவது, கஞ்சா வழக்கில் நிதானத்தைப் பற்றி வாதாடலாம். மது வழக்கில் அளவு தாண்டிவிட்டால் அதைப் பேசிப் பயனில்லை.

அப்போ டாக்டர் எதற்கு?

கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் விடுவிக்க வேண்டும் என்கிறது சட்டம். டாக்டர் வாயில் வாடை, பேச்சு, கண்ணின் பாப்பா, நடை எல்லாம் பார்ப்பார். விரலால் மூக்கு நுனியைத் தொடச் சொல்வார். இன்று என்ன கிழமை, இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்றும் கேட்பார். கடைசியில் குடிக்கவில்லை, குடித்திருக்கிறார் ஆனால் போதையில் இல்லை, குடித்துப் போதையில் இருக்கிறார் என்ற மூன்றில் ஒன்றை எழுதித் தருவார்.

நடுவில் உள்ள அந்த வரியைப் பிடித்துக்கொண்டு 'டாக்டரே சொல்லிட்டாரு' என்று வாதாடுபவர்கள் உண்டு. ரத்தத்தில் அளவு தாண்டியிருந்தால் 185-வது பிரிவில் அது செல்லாது. தினமும் குடிப்பவர்களுக்கு உடம்பு பழகிப்போய், அளவு ஏறினாலும் வெளியே தெரியாது என்பதையும் மறக்கக் கூடாது.

டெஸ்ட்டே எடுக்கவில்லை என்றால்?

இங்குதான் நிதானம் முக்கியமாகிறது. விபத்து நடந்த ஒரு மகாராஷ்டிர வழக்கில் 1971-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. வாயில் வாடை, தள்ளாட்டம், குழறிய பேச்சு, விரிந்த கண் பாப்பா எல்லாம் டாக்டர் சாட்சியத்தில் இருந்தன. அதை மட்டும் வைத்து அவர் குடித்திருந்தார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம்.

இன்சூரன்ஸில் கதை தலைகீழ். 2007-ல் டெல்லி இந்தியா கேட் அருகே ஒரு போர்ஷே கார் விபத்தில் சிக்கி எரிந்துபோனது. ப்ரீத் டெஸ்ட் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. டெஸ்ட் இல்லாவிட்டாலும் மற்ற சூழ்நிலைகளை வைத்து ஓட்டுநர் மதுவின் பாதிப்பில் இருந்தார் என்று நிரூபிக்கலாம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சாதகமானது.

உயிர் போன வழக்கில்?

தெளிவாக இருந்தேன் என்பது இங்கே திருப்பியடிக்கவும் கூடும். தெளிவாக இருந்தவருக்கு ஆபத்தும் தெரிந்திருக்கும் அல்லவா? சரி, 'போதையில் எதுவும் தெரியலை' என்று மாற்றிச் சொன்னால்? தானாகக் குடித்தவரை, குடிக்காதவருக்கு இருக்கும் அதே அறிவோடு இருந்தவராகவே பாரதிய நியாய சன்ஹிதாவின் 24-வது பிரிவு கருதுகிறது. மும்பை பாந்த்ராவில் 2006-ல் நடைபாதையில் தூங்கிய 7 பேர் கார் ஏறி இறந்தார்கள். அந்த வழக்கில் வெறும் கவனக்குறைவு என்ற வாதம் எடுபடவில்லை. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்காக 3 ஆண்டு சிறையை 2012-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

வக்கீல்கள் எதைப் பிடிக்கிறார்கள்?

வழக்கமாக மெஷினைத்தான். ஊதச் சொல்வதற்கு முன் கருவி பூஜ்யம் காட்டியதா? முந்தைய ஆளின் மூச்சு உள்ளே தங்கியிருந்ததா? இந்தப் பூஜ்யச் சோதனை சரியாக இல்லாததால் 2025-ல் கேரள உயர் நீதிமன்றம் ஒருவர் மீதான 185-வது பிரிவு வழக்கை ரத்து செய்தது. ரத்த மாதிரி எப்போது எடுத்தார்கள், யார் சீல் வைத்தார்கள் என்பதும் குறுக்கு விசாரணையில் வரும்.

ஒன்று மட்டும் அவசரம். சர்க்கரை நோயாளிக்குச் சுகர் திடீரென இறங்கினாலும், தலையில் அடிபட்டாலும், வலிப்பு வந்து அடங்கினாலும் ஆள் குடித்தவர் போலவேதான் தெரிவார். குளறுவார், தள்ளாடுவார், கோபப்படுவார். அவரை ஸ்டேஷனில் உட்கார வைத்தால் உயிரே போகலாம். கூட இருப்பவர்கள் நோய் விவரத்தைப் போலீசிடம் உடனே சொல்லி, சுகர் டெஸ்ட் எடுக்கச் சொல்ல வேண்டும்.

ஊதவே மறுத்துவிட்டால் தப்பிக்கலாமா? 205-வது பிரிவின்படி அந்த மறுப்பையே அரசுத் தரப்புக்கு வலு சேர்க்கும் விஷயமாக கோர்ட் எடுத்துக்கொள்ளலாம்.